ஏழு விநாடி அடியும் நோட்டீசில் இல்லாத பெயரும்

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கிராம சேவையாளர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, ஆலயப் பரிபாலன சபைச் செயலாளர் அவர்களே! செயலாளர் ஐயாவிடம் இன்றைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. இடையில் எழும்பிப் போய்விட வேண்டாம். எனக்கு மாலை போட்ட தம்பிக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

ட்ரம் அண்ட் பேஸ் என்ற இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மூன்று விடயங்கள் சொல்வேன். அது எங்கே பிறந்தது, எப்படி வெகுசனப் பாட்டுகளின் வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது, அதில் வந்த காசு யாருக்குப் போனது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழி. இன்றைக்கும் சொல்லாமல் விடமாட்டேன்.

பிறந்தது இங்கிலாந்தில், 1990களின் தொடக்கத்தில். ஜங்கிள் என்ற வேகமான நடன இசையிலிருந்து வளர்ந்தது. கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இதில் முன்னுக்கு நின்றார்கள். அனுமதி இல்லாத வானொலிகள் தொடர்மாடிக் கூரைகளில் ஏரியல் கட்டி இதைப் பரப்பின. 1997இல் பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸ் குழு, ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசை வாங்கியது. 1999இல் தபேலாவையும் இந்த அடியையும் சேர்த்த தல்வின் சிங் அதே பரிசை வாங்கினார். மரியாதை கிடைத்தது, ஆனால் பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் 2012இல்தான் வந்தது. டிஜே ஃபிரெஷ் இசையமைத்து, ரீட்டா ஓரா பாடிய பாட்டு. அதே ஆண்டில் ரூடிமென்டல், 2014இல் சிக்மா, 2023இல் கென்யா கிரேஸ், 2024இல் ஸ்டோர்ம்சியோடு சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் என்று ஒவ்வொருவராக அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இவ்வளவு வேகமான அடி எப்படிப் பொதுச் சனத்துக்குப் பிடித்தது? நிமிடத்துக்கு ஏறக்குறைய 174 அடி. ஆனால் கீழே பேஸ் என்ற தாழ்ந்த சுருதி ஒலி அதில் பாதி வேகத்தில் நடக்கிறது. பாடுகிறவர் அந்தப் பாதிக் காலத்தில் ஆறுதலாகப் பாடுகிறார். கேட்கிறவர் பாட்டோடும் போகலாம், அடியோடும் ஓடலாம். எங்கள் கோயில் வெளிவீதியில் நாதசுரக்காரர் விளம்ப காலத்தில் இழுத்துக்கொண்டிருக்க, தவில்காரர் மேல்காலத்தில் சொற்கட்டுகளைப் பொரிந்து தள்ளவில்லையா? கணக்கு ஒன்றுதான்.

என் பேரன் கதையைச் சொல்ல வேண்டும். இலண்டனில் பிறந்தவன். போன வருசத் திருவிழாவுக்கு வந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வருகிறோம். தன் கைபேசியை வான் றேடியோவோடு இணைத்து இந்த இசையைப் போட்டுவிட்டு, காதுக்குப் பஞ்சு வைத்தவன் மாதிரி நித்திரையாகிவிட்டான். மாங்குளம் தாண்ட, என் மனைவி பதறிப்போனாள். "தம்பி, வானுக்குக் கீழை என்னவோ கழண்டு இழுபடுது, நிப்பாட்டும்!" சாரதி நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சத்தமும் நின்றது. அவர் கீழே குனிந்து ரயர், சைலன்சர் எல்லாம் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எஞ்சினைப் போட்டார், திரும்பவும் அதே அடி. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் உடைத்தோம். அங்கேயும் சாரதி சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்குக் கீழே படுத்தார். கச்சான் விற்ற அம்மா ஒருத்தி யன்னலுக்குள் எட்டிப் பார்த்தா. "ஐயா, உது பாட்டெல்லோ படிக்குது!" சாரதி எழும்பி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிளிநொச்சி வரும்வரை பேசவில்லை.

அதே பேரன் திருவிழா இரவு, தனித்தவில் தொடங்கியபோது கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனான். வலப்பக்கம் விரற்கூடு, இடப்பக்கம் கழி. தவில்காரரின் கையை விட்டு அவன் கண் எடுக்கவில்லை. முடிய என்னிடம் வந்து, "தாத்தா, அவர் பெயர் என்ன?" என்றான். எனக்குத் தெரியாது. நோட்டீசைப் பார்த்தேன். உபயகாரர் பெயர், அவர் வெளிநாட்டில் இருக்கும் நகரம், மின்விளக்குக்காரர், ஒலிபெருக்கிக்காரர் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. வாசித்தவர்களுக்கு "குழுவினர்" என்று ஒரு சொல்.

இங்கேதான் மூன்றாவது விடயம் வருகிறது. ட்ரம் அண்ட் பேஸின் அத்திவாரம் 1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. கிரெகரி கோல்மன் என்ற ட்ரம் வாத்தியக்காரர் தனியாக அடித்த ஏறக்குறைய ஏழு விநாடி. அதை வெட்டி, வேகமாக்கி, மாற்றி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். கோல்மனுக்கு ஒரு சதமும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் இரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போனது. அடித்தவர் அப்போது உயிரோடு இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அடித்தவருக்கும் அப்படித்தான்.

காசுக் கணக்கை விரித்துச் சொல்ல நினைத்திருந்தேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆகவே ஊர் விடயத்துக்கு வருகிறேன். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நாங்கள் இன்று கேட்பது, யாரோ ஒலிப்பதிவு செய்து, யாரோ பத்திரப்படுத்தியதால். இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, காணொளி அன்றிரவே கனடாவுக்குப் போய்விடுகிறது, அடித்தவர் பெயர் மட்டும் போவதில்லை. பறை அடிப்பவர்களைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்? அவர்களை நாங்கள் வீதி முனையில் நிறுத்திப் படம்கூட எடுப்பதில்லை. அங்கே இடி இரண்டு பக்கத்தோடு நிற்கவில்லை, செயலாளர் ஐயா.

ஆகவே இந்த மேடையிலேயே இரண்டு கோரிக்கைகளை முன்மொழிகிறேன். வருகிற திருவிழா நோட்டீசில் நாதசுரம், தவில், பறை வாசிக்கிற ஒவ்வொருவர் பெயரும் உபயகாரர் பெயரளவு எழுத்தில் வரவேண்டும். வாசிகசாலை மேல்மாடி அறையில் பதிவுக் கருவி ஒன்று வைத்து, மூத்த வித்துவான்களை மாதம் ஒருவராகப் பதிந்து, திகதியும் பெயரும் எழுதி வைக்க வேண்டும். கருவிக்கு முதல் பத்தாயிரம் ரூபா நான் தருகிறேன். என் பேரனிடமும் கேட்டிருக்கிறேன், பார்ப்போம் என்றான். வழிமொழிய விரும்புகிறவர் கையை உயர்த்தலாம். அதிபர் ஐயா ஏற்கெனவே உயர்த்திவிட்டார்.