அடுப்புக்கரியும் அணுக்கருவும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

அணு என்றதும் நம்மில் பலருக்கு அணுகுண்டோ, கூடங்குளத்து உலையோதான் நினைவுக்கு வருகிறது. மதுரையில் நெடுங்காலம் மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்த நான், இன்று அந்தச் சொல்லை ஒரு கரித்துண்டிலிருந்து தொடங்குகிறேன். நமக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரி ஒன்று அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, அதன் காலம் கி.மு. 580-ஐ ஒட்டியது என்று கணிக்கப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அதை அறிக்கையாக வெளியிட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அந்தக் காலக்கணக்கு எங்கே பதிந்திருந்தது என்பதே என் பேச்சு.

ஓர் அணுவின் நடுவே அணுக்கரு இருக்கிறது. அதைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இந்த அமைப்பை 1911-இல் விளக்கியவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. ஒரு கார்பன் அணுவை நம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் அணுக்கரு மைய மண்டபத்தில் வைத்த ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஆயினும் அணுவின் எடையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அந்தச் சுண்டைக்காய்க்குள் அடங்கிவிடுகிறது.

விறகு எரிவதும், பால் தயிராவதும், இரும்பு துருப்பிடிப்பதும் எலக்ட்ரான்களுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல்கள். அணுக்கரு இவற்றில் கலந்துகொள்வதே இல்லை. ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அடுப்பில் வைத்த விறகு கரியானபோது, மரத்தின் நாரும் பிசினும் உருத்தெரியாமல் போயின. ஆனால் ஒவ்வொரு கார்பன் அணுவின் கருவும் மரத்தில் இருந்தபடியே கரியிலும் இருந்தது. பின்னர் வந்த மழையும் மண்ணின் ஈரமும்கூட அதைத் தொடவில்லை. கரித்துண்டு காலம் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

கார்பனின் கருவில் 6 புரோட்டான்கள் உண்டு. அந்த எண்ணிக்கை மாறினால் அது கார்பனே அல்ல. அதே கருவில் இருக்கும் மற்றொரு வகைத் துகளான நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறலாம். அப்படி மாறியவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். பெரும்பாலான கார்பன் அணுக்களில் 6 நியூட்ரான்கள் உள்ளன. அது கார்பன் 12. மிக அரிதாக, ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றில், 8 நியூட்ரான்கள் இருக்கின்றன. அதுவே கார்பன் 14. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதித் தெறிக்கும் நியூட்ரான்கள், அங்குள்ள நைட்ரஜனைத் தாக்கும்போது இது பிறக்கிறது. ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. வைகைக் கரை மருதமரம் அதை இலைவழி இழுத்துக்கொள்கிறது. இலையைத் தின்னும் ஆட்டிலும், நம் உடம்பிலும் அது இருக்கிறது. உயிருள்ளவரை வரவும் செலவும் ஈடாகின்றன. மரத்தை வெட்டியதும் வரவு நின்றுவிடுகிறது.

செலவு மட்டும் தொடர்கிறது. கார்பன் 14-இன் கரு நிலையற்றது. அதிலுள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, ஓர் எலக்ட்ரானும், நியூட்ரினோ இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்துகளும் வெளியேறுகின்றன. கரு மீண்டும் நைட்ரஜனாகிவிடுகிறது. இதுதான் பீட்டா சிதைவு. ஒரு கரு இப்படிச் சிதையும்போது வெளியாகும் ஆற்றல், ஒரு கார்பன் அணு தீயில் முழுதாக எரிந்து தரும் ஆற்றலைப்போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல்.

எந்தக் கரு எப்போது சிதையும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. இதை மாணவர்களுக்கு விளங்கவைக்க நான் கையாண்டது தாயம் ஆடும் புளியங்கொட்டை. ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த இருநூறு கொட்டைகளை மேசையில் உருட்டி, வெள்ளை மேலே விழுந்தவற்றையெல்லாம் ஒதுக்கிவிடச் சொல்வேன். ஏறத்தாழ நூறு மிஞ்சும். மறுபடி உருட்டினால் ஐம்பதை ஒட்டி, பிறகு இருபத்தைந்தை ஒட்டி. குறிப்பிட்ட ஒரு கொட்டை எந்த உருட்டலில் விழும் என்று எந்த மாணவரும் சொன்னதில்லை. ஆனால் எத்தனை மிஞ்சும் என்பதை எல்லாருமே ஓரளவு சரியாகச் சொன்னார்கள். நான்கு முறை தப்பிய கொட்டை ஐந்தாம் முறை விழ அதிக வாய்ப்புண்டு என்று சிலர் வாதிடுவார்கள். அப்படி இல்லை. கொட்டைக்கு நினைவில்லை, கருவுக்கும் மூப்பில்லை. நேற்றுப் பிறந்த கார்பன் 14 கருவும், ஐயாயிரம் ஆண்டுகளைக் கடந்த கருவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பில் சமமானவை. நான் கற்பித்த பாடங்களில் என்னை இன்றும் வியக்கவைப்பது இதுதான்.

பாதி கருக்கள் சிதைய ஆகும் காலத்தை அரை ஆயுட்காலம் என்கிறோம். கார்பன் 14-க்கு அது 5,730 ஆண்டுகள். உயிருள்ள பொருளின் ஒரு கிராம் கார்பனில் ஏறத்தாழ 6,000 கோடி கார்பன் 14 கருக்கள் உள்ளன. அவற்றில் நிமிடத்துக்குப் பதின்மூன்று, பதினான்குதான் சிதைகின்றன. கூட்டம் அவ்வளவு பெரிதென்பதால் கணக்குப் பிசகுவதில்லை. இதைக் கொண்டு பழம்பொருளின் காலத்தை அறியும் முறையை 1949-இல் உலகுக்குக் காட்டிய வில்லார்டு லிப்பி, 1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவர் காலத்தில் சிதைவுகளை எண்ணினார்கள்; இன்று சிதையாமல் எஞ்சியுள்ள அணுக்களையே முடுக்கிக் கருவியில் பிரித்து எண்ணுவதால், சிட்டிகைக் கரியே போதுமானது. கி.மு. 580-ஐச் சேர்ந்த கரியில், தொடக்கத்தில் நூறாக இருந்தது இன்று 73 ஆக எஞ்சியிருக்கும்.

காற்றில் கார்பன் 14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. ஆகவே, மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டு விடையைத் திருத்துகிறார்கள். விடையும் ஒற்றை ஆண்டாக அன்றி, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்றுதான் கிடைக்கும். மேலும், அது மரம் கார்பனை வாங்கிய காலமே. கரிக்கு அருகே கிடந்த பானையின் காலத்தை, இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கலையாமல் இருந்தனவா என்று பார்த்த பிறகே தொல்லியலாளர் சொல்ல முடியும்.

யானைமலையின் வயதையும் இப்படிக் கணக்கிடலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இயலாது. பாறை மூச்சு விடுவதில்லை. அன்றியும் ஐம்பதாயிரம் ஆண்டுகளைக் கடந்த பொருளில் எண்ணுவதற்குக் கார்பன் 14 ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை. பாறைக்கு வேறு கருக்கள் இருக்கின்றன. யுரேனியம் 238 படிப்படியாகச் சிதைந்து ஈயமாகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்னும் சிறு படிகங்களில் எவ்வளவு யுரேனியம் எஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து பாறையின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

வணக்கம்.