தவளை கத்தவில்லை

(ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் சிலர் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று வரி எழுதினால் அது ஹைக்கூ ஆகிவிடாது. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் நானும் நோட்டு நோட்டாக எழுதினேன். முதல் இரண்டு வரியில் ஒரு விடுகதை, மூன்றாவது வரியில் டக்கென்று விடை. நண்பர்கள் கைதட்டினார்கள். அப்புறம் ஜப்பானியக் கவிஞர் பாஷோவைப் படித்தேன். நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

1686-ல் பாஷோ எழுதிய தவளைக் கவிதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பழைய குளம்;
தவளை குதிக்கிறது,
நீரின் ஓசை.

ஜப்பானிய மொழியில் இது ‘ஃபுருஇகெ ய, கவஸு தொபிகொமு, மிஸு நொ ஒதொ’. விரல்விட்டு எண்ணுங்கள். ஃபு, ரு, இ, கெ, ய: ஐந்து. அடுத்தது ஏழு, அதற்கடுத்தது ஐந்து. மொத்தம் 17. இதை அசைக் கணக்கு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். உண்மையில் இது நம் மாத்திரைக் கணக்குக்குத்தான் பக்கத்தில் வருகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நாம் ‘பாஷோ’ என்று முன்னெழுத்தையும் நீட்டிவிடுகிறோம். அவர்களுக்கு ‘ப’ குறில், ‘ஷோ’ நெடில், ஆக மூன்று. மெய்க்கு நாம் அரை மாத்திரை கொடுப்போம். அவர்கள் ‘ன்’ வந்தால் ஒன்றை முழுதாகவே கொடுத்துவிடுவார்கள், தாராளம். இன்னொன்று, ஜப்பானியப் புத்தகத்தில் இந்தக் கவிதை பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியாகத்தான் இருக்கும். மூன்று வரியாக உடைப்பது மொழிபெயர்ப்பவர்கள் வைத்த பழக்கம்.

சரி, தவளைக்கு வருவோம். அந்நாட்டு மரபுக் கவிதையில் தவளைக்குக் குரல்தான் பெருமை. பத்தாம் நூற்றாண்டு தொகுப்பான கொகின்ஷுவின் முன்னுரையே, பூவில் பாடும் பறவையையும் நீரில் வாழும் தவளையின் குரலையும் சேர்த்துப் பேசுகிறது. தவளை என்றால் பாட வேண்டும். பக்கத்தில் யமபுகி என்ற மஞ்சள் பூ பூத்திருக்க வேண்டும். பாஷோவிடம் முதலில் பின்பாதிதான் இருந்ததாம், முதல் ஐந்து ஓசை கிடைக்கவில்லை. “யமபுகி என்று தொடங்கலாமே” என்றாராம் சீடர் கிகாகு. இன்னொரு சீடரின் குறிப்பு இது. கிகாகு சொன்னதில் தப்பே இல்லை, நல்ல மாணவர் சொல்லும் பதில். பாஷோ ‘பழைய குளம்’ என்று வைத்தார். அவருடைய தவளை கத்தவில்லை, குதித்தது. நமக்குக் கேட்பதும் தவளையின் குரல் இல்லை, தண்ணீரின் சத்தம்.

அந்த முதல் பகுதியின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ய’ என்ற சின்ன ஒலியைப் பாருங்கள். கவிதையே அதில்தான் தொங்குகிறது. அதற்கு அகராதிப் பொருள் கிடையாது. ‘கிரெஜி’, அதாவது வெட்டும் சொல் என்பார்கள். குளத்தை இந்தப் பக்கம் நிறுத்தி, தவளையை அந்தப் பக்கம் நிறுத்தி, நடுவில் ஓர் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் என்ன என்று கவிஞர் சொல்ல மாட்டார்.

இது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. தொல்காப்பியம் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்கு மூன்று பொருள் சொல்லும். அதில் ஒன்று ஒழியிசை. உரையாசிரியர்கள் தரும் உதாரணம்: ‘கூரியதோர் வாள்மன்’. கூரான வாள்தான்... அவ்வளவுதான் வாக்கியம். உறுதி இல்லாமல் போயிற்றே என்ற மிச்சத்தைக் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஹைக்கூவைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் படித்தேன். எனக்குப் புரியவைத்தது இந்த வாள்தான்.

இப்படிப் பாதியில் நிறுத்துவதற்குக் காரணமும் உண்டு. பாஷோவின் காலத்தில் இது தனிக் கவிதையாகப் பிறக்கவில்லை. நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் சொன்னதில் இன்னொருவர் தொடுத்து, 36 கண்ணிகள் வரை கொண்டுபோகும் கூட்டுக் கவிதையின் முதல் கண்ணி அது. பேர் ‘ஹொக்கு’. வந்த விருந்தாளி அதைச் சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் அடுத்ததைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விருந்தாளியே சொல்லி முடித்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பருவத்தைக் குறிக்கும் சொல் கட்டாயம் வந்ததும் இதனால்தான். இன்றைக்கு, இந்தப் பருவத்தில், இங்கே கூடியிருக்கிறோம் என்ற முகமன் அது. பாஷோ தன் வாழ்நாளில் ‘ஹைக்கூ’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. முதல் கண்ணியைத் தனியே பிரித்து அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் மஸஒகா ஷிகி, 1890-களில். பாஷோவைக் கடுமையாக விமர்சித்தவரும் இதே ஷிகிதான்.

பாஷோவின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பாஷோ’ என்றால் வாழை. எதோ என்பது இன்றைய டோக்கியோவின் பழைய பெயர். அந்த நகருக்கு வெளியே அவர் இருந்த குடிசையில் ஒரு சீடர் வாழைக்கன்று நட்டுக் கொடுத்தார். குடிசைக்கு அந்தப் பெயர், அப்புறம் ஆளுக்கும் அதே பெயர். அந்த வாழை பழத்துக்கு உதவாது. காற்றில் சட்டென்று கிழியும் இலைக்காகத்தான் அது தனக்குப் பிடிக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். குடிசை 1682 தீ விபத்தில் எரிந்துபோனது. 1689-ல் சோரா என்ற சீடருடன் வடக்கே ஐந்து மாதம் போல நடந்தார். அந்த நடையில் கனஸவா ஊரில் சீடராகச் சேர்ந்தவர் ஹொகூஷி. அடுத்த வருஷம் ஹொகூஷியின் வீடும் எரிந்தது. அவர் எழுதினார்: ‘எரிந்துவிட்டது, இருந்தாலும், பூக்கள் முன்பே உதிர்ந்திருந்தன.’ இந்தக் கவிதையைத்தான் பாரதி 1916-ல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது தமிழில் தந்தார்.

அடுத்த கவிஞர் பூசன் (1716–1784). ஓவியரும்கூட. கண்ணால் எழுதியவர் என்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு:

உடம்பில் ஏறும் குளிர்;
இறந்த மனைவியின் சீப்பு
படுக்கையறையில், காலடியில்.

இருட்டில் சீப்பின் பல் உள்ளங்காலில் குத்துகிறது. அழுகை என்ற சொல்லே இல்லை. படித்தவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் இதை எழுதும்போது பூசனின் மனைவி உயிரோடு இருந்தார். பூசன் போன பிறகும் இருந்தார். அந்த அம்மாள் இதைப் படித்துவிட்டு என்ன சொன்னாரோ! ஹைக்கூ என்றால் கண்டதைக் கண்டபடி எழுதுவது என்று யாராவது சட்டம் பேசினால் இந்தச் சீப்பைக் காட்டுங்கள்.

கடைசியாக இஸ்ஸா. 1763-ல் கஷிவபரா என்ற மலையூரில் பிறந்தார். சின்ன வயதில் தாய் போனார், சிற்றன்னையோடு ஒத்துப்போகவில்லை, பதின்வயதில் எதோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா இறந்தபின் சொத்துத் தகராறு 1813 வரை இழுத்தது. ஊர் திரும்பி, ஐம்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டார். ஏறக்குறைய 20,000 கவிதைகள். ஈ, தெள்ளுப்பூச்சி, நோஞ்சான் தவளை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. மனைவி கிகுவுக்கும் அவருக்கும் பிறந்த நான்கு பிள்ளைகளும் தங்கவில்லை. ஸதோ என்ற பெண்குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. 1819-ல் பெரியம்மையில் போய்விட்டாள்.

இஸ்ஸா பௌத்தர். உலகம் பனித்துளி என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர். எழுதினார்:

பனித்துளி உலகம்
பனித்துளி உலகம்தான்;
ஆனாலும்...

‘ஸரிநகர’ என்பது கடைசிச் சொல். ‘ஆனாலும்’ என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேசவில்லை. கூரியதோர் வாள்மன்.

1827-ல் ஊரில் பற்றிய தீயில் வீடு போனது. ஜன்னலில்லாத மண்சுவர்க் களஞ்சியம் ஒன்றுதான் மிச்சம். அதில் குடியிருந்து, அந்தக் குளிர்காலத்திலேயே இறந்தார். அந்தக் களஞ்சியம் இன்னும் நிற்கிறது. அப்போது மூன்றாவது மனைவி யஓ கர்ப்பமாக இருந்தார். சில மாதங்கள் கழித்து ஒரு பெண் பிறந்தாள். யதா என்று பெயர். அவள் பிழைத்தாள்.