தசை ஆடும் என்றார்கள். இரத்தம் ஆடும் என்றா சொன்னார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணைமாரே, அக்காவே, காலி வீதி நெரிசலுக்குள் நசுங்கி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

‘இரத்தம் என்ற சொல்லின் கனம் பெரிதும் இருப்பது பிறப்பிலா, கொடுப்பிலா?’ இதுதான் தலைப்பு. நான் கொடுப்பின் பக்கம். இதைச் சொன்னதும் முன்வரிசையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் கொடுப்புக்குள் சிரித்ததைக் கண்டேன். அந்தக் கன்னத்துக் கொடுப்பு இல்லை ஐயா, கையால் கொடுக்கிற கொடுப்பு.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே ‘தண்ணீரைவிட இரத்தம் தடிப்பு’ என்றார். நல்ல கைதட்டு. ஆனால் அது வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன பழமொழி. எங்களுடையது ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’. தசைதான் ஆடுகிறது, நடுவர் அவர்களே. சொந்தத்துக்குத் தமிழில் இருக்கிற மற்றச் சொற்களையும் பாருங்கள். உடன்பிறப்பு, அதில் பிறப்பு இருக்கிறது. தொப்புள்கொடி உறவு, அதில் கொடி. வடமொழியிலிருந்து வந்த சகோதரம் என்றால் ஒரே உதரம், ஒரே வயிறு. சுற்றம் சுற்றி நிற்பது. உறவு கிட்ட வந்து பொருந்துவது. ஒன்றிலும் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ‘இரத்த உறவு’ என்றும் எழுதுகிறோம்தான், விண்ணப்பப் படிவத்தில். வாயால் எப்போது சொல்கிறோம்? ‘எங்கட ரத்தமாய் இருந்தால் இப்பிடிச் செய்வானோ?’ என்று சண்டை பிடிக்கும்போது.

அப்படியானால் இரத்தத்தைத் தமிழன் எங்கே வைத்தான்? இரத்தம் சுண்டச் சுண்டப் பிள்ளையைப் படிப்பித்தாள். இரத்தத்தை வியர்வையாக்கி வீடு கட்டினான். வட்டிக்காரன் இரத்தத்தை உறிஞ்சுகிறான். இரத்தக் கண்ணீர் வடித்தாள். எல்லாவற்றிலும் இரத்தம் ஒருவரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே பேசாமல் ஓடும்வரை அதைப் பற்றி எங்களுக்கும் பேச்சில்லை. வெளியே வந்த பிறகுதான், யாருக்காக வந்தது என்று கேட்கிறோம்.

எதிரணி அக்கா படித்தவ. இரத்தம் என்ற சொல்லின் வேரிலேயே பற்று இருக்கிறது, அதுதான் பாசம் என்றா. உண்மை. ரக்தம் என்றால் சிவந்தது, சாயம் ஏறியது, பற்று வைத்தது என்றெல்லாம் பொருள். அனுராகமும் அந்த வேர்தான். பற்று விட்டுப்போன விரக்தியும் அதே வேர்தான். ஆனால் அக்கா, சாயம் எந்தத் துணியோடு கூடப் பிறந்தது? வெள்ளைத் துணியில் பிறகு ஏற்றுவதுதானே சாயம்! வைத்தியசாலையில் என்ன சொல்கிறோம்? ‘ரெண்டு பைன்ட் ரத்தம் ஏத்தினவை.’ சாயத்துக்கும் இரத்தத்துக்கும் ஒரே வினை. சொல்லின் வேரைத் தோண்டி எனக்கு உதவி செய்ததற்கு நன்றி. (அந்த வைத்தியசாலையில் சிங்களவர் ‘ருதிர’ என்று எழுதுவதும் எங்கள் ‘உதிரம்’தான். முதல் ர-வை மட்டும் நாங்கள் உதறிவிட்டோம்.)

கும்பகர்ணனும் வந்துவிட்டான். அவனை எழுப்பாமல் கொழும்பில் ஒரு பட்டிமண்டபம் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணனுக்காகச் செத்தான், அது இரத்தம் என்கிறார்கள். அவன் வாயைக் கேளுங்கள். நெடுநாள் வளர்த்து, போர்க்கோலம் செய்து அனுப்பினவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான் கம்பனில். கணக்கு வளர்த்ததற்கு. ஒரே இரத்தம்தான் முடிவு செய்கிறது என்றால், வந்து கூப்பிட்ட வீடணன் எப்படி அந்தப் பக்கம் நின்றான்?

இனி உண்மையான இரத்தத்துக்கு வருகிறேன். 1901இல் கார்ல் லான்ட்ஸ்டைனர் மனித இரத்தத்தை வகை பிரித்தார். அவர் பிறந்த ஜூன் 14தான் இன்று உலகக் குருதிக் கொடையாளர் தினம். அந்த வகைகள் குடும்பத்தை மதிப்பதில்லை. அண்ணன் ஏ, தங்கை பி, ஒரே வீட்டில். தாயும் பிள்ளையும் ஒரே இரத்தம் என்கிறோம். நஞ்சுக்கொடி இருவரின் இரத்தத்தையும் பிரித்தே வைக்கிறது. தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால், பிரசவத்தில் கொஞ்சம் கலந்தாலே தாயின் உடம்பு அந்த இரத்தத்துக்கு எதிராகப் படை திரட்டக்கூடும், அடுத்த பிள்ளையைத் தாக்கக்கூடும். அதைத் தடுக்கத்தான் 72 மணித்தியாலத்துக்குள் ஊசி.

இதைவிட வேடிக்கை ஒன்று. நெருங்கிய சொந்தக்காரரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் நோயாளிக்கு ஏற்றுவது ஆபத்து. அந்நியனின் வெள்ளணு வந்தால் உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடும். சொந்தக்காரனின் வெள்ளணு வந்தால், ‘எங்கட ஆள்தானே’ என்று கதவைத் திறந்து விட்டுவிடக்கூடும். உள்ளே வந்தவர் குடியேறி, பெருகி, வீட்டுக்காரனையே அடிக்கத் தொடங்குவார். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பிழைப்பது கடினம். கூடப்பிறந்தவர்களோடு காணி வழக்கு நடத்தியவர்கள் இந்தச் சபையில் இருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த நாட்டிலும் ஒரு காலம் நோயாளிக்கு ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக உறவினர் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2014இலிருந்து சேர்க்கிற இரத்தம் முழுவதும் தாமாக வந்து, காசு வாங்காமல் கொடுப்பவர்களுடையது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் சனம் வரிசையில் நின்றது. செத்தவர் யார், காயப்பட்டவர் யார் என்று பெயர்ப்பட்டியல் வரவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எழுபதுகளில் எங்கள் அரசியல் மேடைகளில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களுக்கு இரத்தத் திலகம் வைத்தார்களே, அதுவும் கொடுத்ததுதானே என்று எதிரணி மடக்கலாம். கொடுத்ததுதான். அந்தப் பிள்ளைகளின் மனதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நெற்றியில் வைத்த இரத்தம் காய்ந்து உதிர்ந்துவிடும். பையில் போன இரத்தம் ஒருவருக்குள் ஓடும்.

முதல் மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் தாருங்கள்.

என் அப்பாவுக்கு இடுப்பெலும்பு சத்திரசிகிச்சை. இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இரத்த உறவுகளான அண்ணன்மார் இருவரும், ஒருவர் டொரன்டோவிலிருந்தும் மற்றவர் லண்டனிலிருந்தும், வட்ஸ்அப்பில் நின்றார்கள். நான் கொடுக்கப் போனேன். நீ கொடுத்தாலும் அப்பாவுக்கென்று போகாது, பொதுவில்தான் சேரும் என்றார்கள். சரி என்றேன். விரலில் குத்தி, சின்னப் போத்தலில் இருந்த நீலத் திரவத்தில் ஒரு துளி விட்டார்கள். அது தாழ வேண்டும். தாழ்ந்தால் எடுப்பார்கள். என் துளி அரைவாசி இறங்கி, யோசித்து, மேலே வந்துவிட்டது. ‘அம்மா, கீரை சாப்பிடுங்கோ’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரம் அப்பாவின் கட்டிலருகே பை தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓர் எண், வகை, எடுத்த திகதி, காலாவதித் திகதி. பெயர் இல்லை. என் அப்பா யாரென்றால், எந்தக் கலியாணப் பேச்சிலும் ‘எந்தப் பகுதி?’ என்று சாதியைக் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுகிறவர். அரைக்கண்ணைத் திறந்து பையைப் பார்த்தார். நேர்சைக் கூப்பிட்டார்.

‘மிஸ், இது ஆற்ற ரத்தம்?’

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். பையைத் திருப்பி, பெரிய எழுத்தை விரலால் காட்டினாள்.

‘ஓ பொசிட்டிவ், அங்கிள்.’

அப்பா முகட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் கிடந்தார்.

‘ம்... ஏத்துங்கோ’ என்றார்.