தண்ணீர் வந்தால், வராவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். ஜூன் 12 என்றால் காவிரி டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறக்கும் நாள். நாற்று விடுவது, நகையை அடகு வைப்பது எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான். ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. எட்டு வருஷம்! 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது.

அதனால் வரும் காலத்தைப் பற்றி நான் நடத்தும் ஊர்க் கூட்டங்களில் "தண்ணீர் வருமா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "வந்தால் என்ன செய்வீர்கள், வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். 1970களில் ஷெல் எண்ணெய் கம்பெனியில் பியர் வாக் என்பவர் இப்படித்தான் யோசிக்க வைத்தார். எண்ணெய் விலை அப்படியே இருக்கும் என்று ஒரு கதை, திடீரென்று ஏறும் என்று இன்னொரு கதை. 1973இல் ஏறியே விட்டது. இது ஆரூடம் இல்லை. எது நடந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இருப்பதற்கான பழக்கம்.

திருத்துறைப்பூண்டி பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் ஒரு கடைமடைக் கிராமம். கோயில் மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். "2040. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, நடவுக்கு ஆள் இல்லை. என்ன செய்வீர்கள்?" என்றேன். "மெஷின் நடவுதான்" என்று ஆண்கள் முடித்துவிட்டார்கள். தூண் ஓரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், காலமெல்லாம் நடவு நட்டவர், கேட்டார்: "ஆள் இல்லேங்கறீங்களே தம்பி, நாங்க எங்க போயிருப்போம்? அதை மொதல்ல சொல்லுங்க."

அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மகள்கள், 2018 கஜா புயலில் கூரை போனபின் ஊருக்கே திரும்பாத குடும்பங்கள். நான் கொண்டுபோனது தண்ணீர்க் கணக்கு மட்டும்தான். அன்றிலிருந்து நிலமில்லாதவர்கள் வந்து உட்காராமல் நான் கூட்டத்தை ஆரம்பிப்பதில்லை. திரும்பவும் சொல்கிறேன், அவர்கள் வராமல் ஆரம்பிக்காதீர்கள்.

அன்றைக்கு எல்லாக் கதைக்கும் பொருந்துகிற வேலை ஒன்று தேறியது. தண்ணீர் நேரத்துக்கு வந்தால் 150 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009 நெல் போடலாம். பிந்தினால் 125 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 39 நெல். இரண்டு விதையும் ஊரிலேயே இருப்பில் இருக்க வேண்டும். தண்ணீர் வந்தபிறகு விதைக்கு அலையக் கூடாது.

கடல்நீர் உள்ளே ஏறுவதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வேதாரண்யம் பக்கத்து நேயர்களே, உங்கள் கூட்டத்தில் அதை மூன்றாவது கேள்வியாக வையுங்கள். மாதம் ஒருமுறை போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். வணக்கம்.