உருளைக்கிழங்கு சாலட்: சூடாக இருக்கும்போதே புளிப்பு சேருங்கள்

வணக்கம் மக்களே! பினாங்கிலிருந்து பேசுகிறேன். உருளைக்கிழங்கு சாலட் என்றதும் கல்யாண பஃபே மேசையில் ஓரமாக, மயோனீஸில் மூழ்கிச் சப்பென்று கிடக்குமே, அதுதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைச் சாப்பிட்டுவிட்டு "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கியவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: கிழங்கு சூடாக இருக்கும்போதே புளிப்பும் உப்பும் உள்ளே போக வேண்டும். சூட்டில் கிழங்கின் மாவு இளகியிருக்கும், ஊற்றுவதை இழுத்துக்கொள்ளும். ஆறிவிட்டால் அந்த மாவு இறுகிவிடும், அப்புறம் என்ன ஊற்றினாலும் மேலேயே நிற்கும்.

கிழங்கையும் பார்த்து வாங்குங்கள். நம் கடைகளில் சீனா, வங்காளதேசம், ஹாலந்து என்று ஊர்ப் பெயர் சொல்லித்தான் விற்பார்கள். ரஸ்ஸட் வகை வெந்ததும் மாவாக உதிரும், அது மசிப்பதற்கு. துண்டு துண்டாக வேண்டுமென்றால் தோல் மெல்லியதாக, வெந்தாலும் உடையாத வகையைக் கேட்டு வாங்குங்கள். தோலோடு, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து வேகவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்துவிடும், நடுவில் வேகாமல் நிற்கும்.

சரி, இதோ வடித்துவிட்டேன். இப்போது தெற்கு ஜெர்மனியின் முறையைச் செய்கிறேன். ஸ்வாபியா, பவேரியா பக்கம் மயோனீஸ் சேர்க்க மாட்டார்கள். அரை கிலோ கிழங்குக்கு 125 மில்லி சூடான சூப்புத் தண்ணீர், 2 மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கடுகு பேஸ்ட், பொடியாக நறுக்கிய வெங்காயம். அங்கே மாட்டிறைச்சி சூப்பு ஊற்றுவார்கள், நான் கோழி சூப்பு எடுத்திருக்கிறேன். சைவம் என்றால் காய்கறி வேகவைத்த தண்ணீர் போதும். தோலை உரித்துச் சூட்டோடு வட்டமாக அரிந்து, இதை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கடைசியில்தான் எண்ணெய், முதலிலேயே ஊற்றினால் புளிப்பு உள்ளே இறங்காது. பாருங்கள், கிழங்கின் மாவும் சூப்பும் கலந்து எப்படிப் பளபளக்கிறது! வடக்கு ஜெர்மனியில் மயோனீஸும் ஊறுகாய் வெள்ளரியும் சேர்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அந்த நாட்டில் பல வீடுகளில் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான் சாப்பாடு.

மயோனீஸ் பிடித்தவர்கள் ஜப்பான் முறைக்குப் போகலாம். கிழங்கைப் பாதி மசித்து, பாதி துண்டாக விட்டு, சூட்டிலேயே கொஞ்சம் வினிகர் தெளித்து, ஆறிய பிறகுதான் மயோனீஸ். வெள்ளரியை மெல்லிதாக அரிந்து உப்புப் போட்டுப் பிழிந்து சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். அங்கே 1925 முதல் விற்கும் கியூப்பி மயோனீஸில் முட்டையின் மஞ்சள் கரு மட்டும்தான், அதனால்தான் அந்தச் சுவை. நம் கடைகளிலும் ஹலால் முத்திரையோடு கிடைக்கிறது.

ரஷ்யாவின் ஒலிவியே சாலட் 1860களில் மாஸ்கோவின் எர்மிடாஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே என்ற சமையற்காரர் தொடங்கியது. முதலில் காட்டுப் பறவை இறைச்சியெல்லாம் போட்ட பணக்காரச் சாப்பாடு அது. இன்று கிழங்கு, கேரட், பட்டாணி, முட்டை, சாசேஜ் என்று புத்தாண்டு மேசையின் சாதாரண உணவாகிவிட்டது. ஈரானில் கோழி போடுகிறார்கள், ஸ்பெயினில் டூனா.

ஆனால் என் மனம் போவது பெருவுக்குத்தான். கிழங்கு பிறந்த ஆண்டிஸ் மலைநாடு அது. அங்கே காவ்ஸா என்று ஒன்று உண்டு: மசித்த கிழங்கில் எலுமிச்சைச் சாறு, மஞ்சள் மிளகாய் விழுது, எண்ணெய். அதை அடுக்கி, நடுவில் டூனாவோ கோழியோ வைத்துக் குளிரவைத்துச் சாப்பிடுவார்கள். நம் வீட்டு உருளைக்கிழங்கு பொடிமாஸில் கடைசியாக எலுமிச்சை பிழிகிறோமே, அந்த நாக்குக்கு இது உடனே பிடித்துப்போகும். மஞ்சள் மிளகாய் கிடைக்காவிட்டால் சிவப்பு மிளகாயை விதை எடுத்து அரைத்துப் போடுங்கள், லீமாவ் கஸ்தூரி என்ற நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையைப் பிழியுங்கள். நிறம் மாறும், சுவை நன்றாகவே இருக்கும்.

அப்புறம், நம் பசெம்பூரை மறந்துவிடக் கூடாது. பினாங்கின் பாடாங் கோத்தா லாமாவில் நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் அவித்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, செங்குவாங் என்ற மொறுமொறுப்பான கிழங்கு, தவ்கே என்ற முளைப்பயறு, தாவு என்ற சோயாக் கட்டி, இறால் வடை எல்லாம் அரிந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துக் கெட்டியாக்கிய காரக் குழம்பைச் சூடாக ஊற்றித் தருகிறார்களே, அதையும் உலகத்தின் உருளைக்கிழங்கு சாலட் வரிசையில் தயங்காமல் வைப்பேன். மயோனீஸ் சாலட் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு இதையெல்லாம் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கெட்டுப்போவதற்கு மயோனீஸ்தான் காரணம் என்று நினைக்கிறோம். கடை மயோனீஸில் புளிப்பு இருக்கிறது, சீக்கிரம் கெடுவது வெந்த கிழங்கும் முட்டையும்தான். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மேசைக்கு எடுத்து வையுங்கள், மிச்சம் ஐஸ்பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்த வீடியோவில் பசெம்பூர் குழம்பு செய்யலாம், உங்கள் வீட்டு முறை இருந்தால் எழுதிப் போடுங்கள். வருகிறேன்!