பட்லரின் கைக்குட்டை

நேயர்களுக்கு வணக்கம். நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோவைப் பற்றிப் பேச அழைத்தபோது, கொடுத்த நேரம் முழுவதையும் ஒரு கைக்குட்டைக்கே செலவழித்துவிடுவேனோ என்று எனக்குள் ஓர் அச்சம் எழுந்தது.

1954இல் நாகசாகியில் பிறந்த இஷிகுரோ, கடலியல் ஆய்வாளரான தந்தையுடன் ஐந்து வயதில் இங்கிலாந்து சென்றவர். பாடகராக முயன்று பார்த்து, வீடற்றோரிடையே சமூகப் பணியும் செய்தபின் எழுத்துக்கு வந்தார். 1982இல் வெளிவந்த முதல் நாவலில், எத்சுகோ என்னும் தாய், தான் கருவுற்றிருந்த காலத்தில் பழகிய ஒரு தோழியையும் அவளுடைய சிறுமகளையும் நினைவுகூர்கிறாள். கடைசியில் அச்சிறுமியுடன் போன உல்லாசப் பயணத்தைச் சொல்லும்போது, அன்று பிறந்தேயிராத தன் மகள் கெய்கோவின் பெயர் அவள் வாயில் வந்துவிடுகிறது. அந்தக் கெய்கோ பின்னாளில் தற்கொலை செய்துகொண்டவள். அந்த ஒரு பெயர், அதுவரை கேட்ட கதை யாருடையது என்று நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

இனி கைக்குட்டை. 1987 கோடையில், ஞாயிறு தவிர நாள்தோறும் காலை 9 மணி முதல் இரவு 10.30 வரை, உணவுக்கு மட்டும் எழுந்து, நான்கே வாரங்களில் அவர் அடிப்படை வரைவை முடித்த நாவல் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'. 1989இல் புக்கர் பரிசு பெற்றது. கதை சொல்பவர் ஸ்டீவன்ஸ் என்னும் பட்லர். 1923இல் அவருடைய எசமானின் மாளிகையில் பன்னாட்டுப் பிரமுகர்கள் கூடியிருக்க, மாடியறையில் அவர் தந்தை உயிருக்குப் போராடுகிறார். ஸ்டீவன்ஸ் கீழே மது பரிமாறுகிறார். தாம் அழுததாக அவர் நம்மிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. "நீ அழுவதுபோல் இருக்கிறதே" என்று எசமான்தான் சொல்கிறார். உடனே சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, நாள் முழுவதும் உழைத்த களைப்பு என்கிறார் பட்லர். சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தபடி, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லும் மூத்த மகனை நாம் பார்த்ததில்லையா? ஆனால் இஷிகுரோ அத்தோடு விடுவதில்லை. தந்தை இறந்தபின் வந்த மருத்துவரைக் கீழே கால்வலியால் அவதிப்படும் பிரெஞ்சு விருந்தினரிடம் அனுப்புகிறார் ஸ்டீவன்ஸ். அந்த மாலையை எண்ணும்போதெல்லாம் பெருமிதமே எழுகிறது என்றும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பெருமிதம் உண்மையானது, நம்மை உலுக்குவதும் அதுதான்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 2017இன் நோபல் பரிசைப் பெயரளவில் சொல்லி, 2005இல் வந்த 'நெவர் லெட் மீ கோ'வுக்குத் தாவுகிறேன். பிறருக்கு உறுப்புகளைக் கொடுப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட கேத்திக்கு வயது 31. தப்பி ஓடும் எண்ணமே அவளுக்கு வருவதில்லை. முதல் பக்கத்திலேயே, தன்னைப் போன்றவர்களைப் பராமரிக்கும் வேலையில் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகத் தான் நல்ல பெயர் எடுத்திருப்பதை நம்மிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். வணக்கம்.