குடி மீட்பு மையத்தில் நான் பார்த்தது: வீடு திரும்பும் வழியைக் கேட்டார்களா?

வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். மூடுபனி இறங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும். அதனால் இன்று தேயிலைத் தோட்டமும் கிடையாது, வர்க்கியும் கிடையாது. மாமாவைக் குடி மீட்புச் சிகிச்சைக்கு அழைத்துப் போனதாகப் போன மாதம் சொன்னேன் அல்லவா? எந்த மையம் நல்ல மையம், எப்படித் தெரிந்துகொள்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். மாமாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "முகத்தைக் காட்டாதே கண்ணு, கதையைச் சொல்" என்றார்.

மாமா பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுபவர். தோட்டம் தோட்டமாக மூட்டைகளை எடை போட்டு ஏற்றித் தொழிற்சாலையில் இறக்க வேண்டும். வேலை முடியும்போது இருட்டிவிடும், குளிரும். குளிருக்கு ஒரு வாய் என்றுதான் எல்லாருக்கும் தொடங்குகிறது. உண்மையில் சாராயம் தோலைச் சூடாக்கிவிட்டு உடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. இதை மாமாவிடம் பத்து வருடமாகச் சொல்லியும் பயனில்லை, அது வேறு கதை.

முதலில் ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பளபளப்பான தரை, சுவரில் சூரிய உதயப் படம். தங்க வேண்டியதில்லை, வந்து வந்து போனால் போதும் என்றார்கள். எங்களுக்கும் அதுதான் தேவை. பத்தாவது நிமிடத்தில் மொத்தக் கட்டணத்தைச் சொன்னார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் கையில் இருந்தன. அத்தையை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஓர் ஊழியர் மட்டும் அவரிடம் வந்து, "அவர் ஒத்துழைக்காவிட்டால் சொல்லுங்கள், ரசத்தில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது, அவருக்கே தெரியாது" என்றார்.

எழுந்து வந்துவிட்டோம். அவர் சொன்னது டைசல்ஃபிராம் வகை மருந்தாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும்; இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. குடிப்பவர் முழுதாகத் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லும் இடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாதீர்கள்.

அடுத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஓ.பி. சீட்டு வாங்கி, கால் ஆடும் பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் உள்ளே போனதும் மருத்துவர் முதலில் கேட்டது, "குடியை நிறுத்தியபோது எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? இல்லாத ஆள் தெரிந்தாரா? இரவில் வீட்டில் கூட யார் இருப்பார்கள்?"

ஏன் அந்தக் கேள்வி என்று அப்புறம்தான் புரிந்தது. நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். மனம் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் நிலை இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் வரும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு வலிப்பு வந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, படுக்கையில் சேர்க்க வேண்டும். 'உங்களுக்கு எங்கள் மையம் போதாது' என்று சொல்லத் தெரிந்த மையமா என்று பாருங்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற புறநோயாளி மையத்தை நான் நம்ப மாட்டேன்.

எவ்வளவு குடிப்பீர்கள் என்றார். மாமா, "வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர்" என்றார். உள்ளே உட்கார வைத்திருந்த அத்தை பேசவில்லை, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நம் மாவட்டத்தில் 2022இல் தொடங்கிய ஏற்பாடு தெரியும்தானே? டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். மாமா திருப்பிக் கொடுக்கச் சாக்கில் சேர்த்து வைத்ததை அத்தை எண்ணி எழுதியிருக்கிறார். ஒரு மாதத்தில் 26. மருத்துவர் சிரிக்காமல் அதை அப்படியே குறித்துக்கொண்டார். மாமா சீலிங்கைப் பார்த்தார்.

பிறகு, "என்ன வேலை?" என்றார். வண்டி என்றதும் பேனாவை வைத்துவிட்டார். நடுக்கத்தை அடக்கத் தரும் மாத்திரை தூக்கம் தரும், அது ஓயும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்றார். கொண்டை ஊசி வளைவில் மூட்டை ஏற்றி ஓட்டுகிறவரிடம் முதல் மையத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை! மாத்திரையும் மூன்று நாளைக்குத்தான் கொடுத்தார், கூடவே தயமின் என்கிற பி1 சத்து.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிக் கேள்விதான்: "பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கிறதா?" இருக்கிறது, நிறுத்தத்துக்கு எதிரிலேயே. தங்கிச் சிகிச்சை பெறுபவருக்கு இரவில் கதவு மூடியிருக்கும். வந்து போகிறவருக்கு அந்த அறுபது அடிதான் சிகிச்சை. இப்போது மாமா ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கித் தோட்டத்து நடைபாதையில் வருகிறார். அங்கே காட்டெருமை நிற்கும் என்று பயந்தேன். அது நகர்ந்துவிடும், கடை நகராது என்கிறார் அத்தை.

எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம், டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கென்று தனியாக 14446 இருக்கிறது.

ஆறாவது வாரம், ஊர்த் திருவிழாவில் மாமா சறுக்கிவிட்டார். வெட்கத்தில் வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகவில்லை. அதற்கு முன்பு முதல் மையத்திலிருந்தும் ஓர் அழைப்பு வந்திருந்தது, மீதிப் பணம் எப்போது என்று. வெள்ளிக்கிழமை காலை அரசு மருத்துவமனை ஆலோசகர் அத்தையின் எண்ணுக்கு அழைத்தார். "குடித்திருந்தாலும் பரவாயில்லை அம்மா, திட்ட மாட்டோம், நாளைக்கே வரச் சொல்லுங்கள்." மாமா பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழுந்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனார்.